ஜெர்மன் மிசியின் குடித்தனம்

எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் எந்தக் கூரை ஒழுகும் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வீட்டுக் கூரை ஒழுகுவது மட்டும் முதலில் ஜெர்மனிக்குத் தெரியும்.

மத்தியானம் என் கைத்தொலைபேசி அலறும். அங்கே அப்போது விடிந்தும் விடியாத காலை. மருத்துவமனை வேலைக்குக் கிளம்புமுன், மலேசியாவில் எங்கள் ஊரான பகாவின் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பல் துலக்குவார் என்று நினைக்கிறேன்.

"ஏய் டொய்ச்சு, அங்க மழயா?"

"ஆமாக்கா, இப்பத்தான் புடிச்சிச்சு."

"அப்ப ஓடு. என் தம்பி நைட் ஷிப்ட் முடிச்சி பொணமாட்டம் கெடப்பான். கட்டில இந்தப் பக்கம் இழுத்துட்டு செவப்பு வாளிய மூலையில வய்யி. நீல வாளி வேணாம், அடியில வெடிச்சிருக்கு. அடுப்புல ஏதாச்சும் வச்சிருக்கானான்னும் பாத்துரு."

நான் ஓடுவேன். கட்டில் அதே இடத்தில் நனைந்துகொண்டிருக்கும். நீல வாளியின் அடியில் வெடிப்பு இருக்கும். அடுப்பில் முட்டை தண்ணீர் வற்றித் துள்ளிக்கொண்டிருக்கும். பத்து மாதமாக அந்த வீட்டுக்குள் கால் வைக்காத ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். விண்ணப்பப் பாரத்தில் தவிர வேறெங்கும் தன் பெயரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. தாதியாக வேலை பார்த்ததால் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஜெர்மன் மிசி. எனக்கு அக்கா. அவர் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி எங்கள் வீடு. டிப்ளமோ முடித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போயே தீருவது என்று வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மொழியை அவர்கள் 'டொய்ச்' என்பார்கள். அதனால் நான் டொய்ச்சு.

'ஜெர்மனிக்குத் திரும்பிப் போகிறேன்' என்று அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. விடுப்பு முடிந்து கிளம்பும்போது, பகாவ் பசாருக்குப் போகிறவர் மாதிரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வேலைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்பார். கையில் ஒரே ஒரு பை. அதிலும் பாதிக்கு மேல் மிளகாய்த்தூளும் சாம்பார்ப் பொடியும். "சட்ட துணியெல்லாம் வூட்டுல இருக்கு, அத எதுக்கு தூக்கிட்டு அலையணும்?" உண்மையிலேயே அவருடைய நல்ல சேலைகளெல்லாம் லயத்து வரிசை வீட்டு அலமாரியில்தான் தொங்கின. ஜெர்மனியில் இரண்டு குளிர்ச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார்.

காணொலி அழைப்பில் அவருடைய அந்த ஊர் அறையைப் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு கரண்டி. கூட வேலை செய்யும் பிலிப்பினோ மிசி சாப்பிட வந்தால் தன் தட்டைத் தானே பையில் போட்டு எடுத்து வர வேண்டும். "ஏன்க்கா, இன்னொரு தட்டு வாங்குனா என்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது தட்டு வாங்குனா மூணாவது வரும். அப்புறம் சொவத்துல படம் மாட்டுவேன். அப்புறம் இது வூடாயிரும். எனக்குத்தான் வூடு இருக்குலா."

அந்த அறைக்கு வாடகை பாதிச் சம்பளத்தைத் தின்றது. மீதியில் இங்கே ஒரு குடித்தனம் நடந்தது. அரிசி, எரிவாயு, தகரம், தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி வரைக்கும்.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்து நிலம் கைமாறப் போகிறது, லயங்களை உடைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. தோட்டத்து வேலைப் பதிவில் இருப்பவர்களுக்கு மட்டும் பகாவ் பக்கத்தில் மலிவு விலையில் ஒரு வீடு. முன்பணம் கட்ட ஆறு மாதக் கெடு. கட்டாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த வீட்டில் பதிவில் இருந்தது தம்பி ஒருவர்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர். எனக்கு அண்ணன் முறை. நல்ல மனிதர், வாய் திறக்க மாட்டார். அவரிடம் முன்பணத்தில் பாதி இருந்தது. மீதிக்கு அக்கா தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு நாள் நான் துள்ளிக் குதித்தேன். ஜெர்மன் பாடத்துக்காக எதையோ தேடியபோது கண்ணில் பட்டது: சொந்தக் குடித்தனம் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக இருப்பவர், வேலை செய்யும் ஊரில் கொடுக்கும் வாடகையையும் வீட்டுக்கு வந்துபோகும் செலவையும் வரியில் கழித்துக்கொள்ளலாம். முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்டால், கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பி வரும். முன்பணத்தின் மீதிக்கு அது போதும். குடித்தனம் வெளிநாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"அவங்களா சொல்றாங்க? ஒரு ஆளு ரெண்டு எடத்துல குடித்தனம் நடத்தலாம்னு?"

"சட்டமே இருக்குக்கா!"

"நம்ம லயத்துல இருக்குறவனே அத ஒத்துக்க மாட்டான்டி" என்றார்.

முந்தைய மூன்று வருடத்துக்கும் வரிப் பாரம் நிரப்பி அனுப்பினோம். பதிலுக்கு வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்கா அதைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு விடுப்பில் வந்து சேர்ந்தார். மேசையில் விரித்து நான் மொழிபெயர்த்தேன். கேட்டிருந்தவை மூன்று: அந்த வீடு உங்களுடையதா? அந்த வீட்டுச் செலவில் உங்கள் பங்கு என்ன? எப்போதெல்லாம் அங்கே போனீர்கள்? எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

"அவ்வளவுதானா?" என்றேன். தம்பி தலையைச் சொறிந்தார். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

வீடு தோட்டத்துடையது, தம்பி பெயரில் ஒதுக்கியது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தம்பி சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரி, குளிர்ப்பெட்டி? அக்கா காசு, ரசீது தம்பி பெயரில். கூரைத் தகரம்? தம்பி பெயரில். துணி துவைக்கும் இயந்திரம், கட்டில், மெத்தை, எல்லாம் தம்பி பெயரில். காரணமும் எனக்குத் தெரிந்ததுதான். முன்பு லிங்கிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்ள சொந்த சம்பாத்தியமா, இல்ல அக்கா காசா?" என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்கள். தம்பி எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கினாலும் தம்பி வாங்கியதுதான். குளிர்ப்பெட்டி வந்து இறங்கிய அன்று பக்கத்து வீட்டு அத்தை, "அக்கா அனுப்புனதா?" என்று கேட்க, மேசைமேல் கிடந்த தொலைபேசியிலிருந்து ஜெர்மனி கத்தியது: "எந்தம்பி வாங்குனது அத்தே!"

"சரிக்கா, காசு அனுப்புன சீட்டு இருக்குல்ல? அது போதும்."

அக்கா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மாதம் தவறாமல் தம்பி கணக்குக்குப் பணம் போயிருந்தது. என்ன காரணத்துக்காக அனுப்புகிறீர்கள் என்ற இடத்தில் ஒவ்வொரு மாதமும் அவர் தேர்ந்தெடுத்திருந்தது: கடன் திருப்பிக் கொடுத்தல்.

"என்னாக்கா இது? அண்ணனுக்கு நீங்க கடன் பட்டிருக்கீங்களா?"

"பேங்குல ஒரு பொண்ணு வேல செய்யிது, நம்ம தோட்டத்துப் பொண்ணு. குடும்பச் செலவுக்குன்னு போட்டா அது பாக்கும். ஊரு பூரா அக்கா காசுல திங்கிறான்னு ஆயிரும். கடன்னு போட்டா, அவன் எனக்கு குடுத்தத நான் திருப்பி குடுக்குறேன்னு இருக்கும்."

தம்பி எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். அவருக்கே அது அப்போதுதான் தெரியும்.

நான் சும்மா இருக்கிற ஆளா? மறுநாள் காலையில் நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணி எனக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் நானே தட்டினேன்: ஏழாம் எண் வீடு அக்காவுக்கு ஒதுக்கப்பட்டது, அவரே குடித்தனம் நடத்தி வருகிறார். கிராணி படித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். "ஜெர்மன்காரனா வந்து பாக்கப் போறான்? கொண்டு போலா" என்றார். மிதந்துகொண்டு அக்காவிடம் வந்து நீட்டினேன்.

அக்கா இரண்டு முறை படித்தார். செருப்பை மாட்டினார். "வா" என்றார்.

ஆபீசில் கிராணி எழுந்து நின்றார். "என்னா மிசி, எழுத்துப் பிழையா?"

"எழுத்து சரியாத்தான் இருக்குண்ணே. வூடுதான் தப்பா இருக்கு. இதுக்கு காப்பி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேனே. முத்திர குத்துன எல்லாத்துக்கும் ஃபைல்ல ஒண்ணு வைக்கணும்லா."

"அத எடுங்க."

"சும்மா இருங்க மிசி. ஒங்களுக்கு ஒதவியா இருக்கட்டுமேன்னு..."

"அண்ணே, ஜெர்மன்காரன் வரமாட்டான். வூடு குடுக்குற கம்பெனிக்காரன் அடுத்த மாசம் வருவான். வந்து இந்த ஃபைலத்தான் தொறப்பான். ஏழாம் நம்பரு தோட்டத்துல வேல செய்யாத அக்கா பேர்ல இருக்கு, தம்பிக்கு எதுக்கு வூடுன்னு கேப்பான். அப்ப நீங்க என்னா சொல்லுவீங்க?"

கிராணி ஃபைலைத் திறந்து தாளை உருவிக் கொடுத்தார். வரிப் பணத்தைத் திரும்ப வாங்கப் போய் வீட்டையே தொலைத்திருப்பேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டே பின்னால் நடந்தேன். பாதி வழியில் அக்கா திரும்பினார்.

"டைப்பு நல்லா அடிச்சிருந்தடி."

"அக்கா..."

"ஒரே வூட்ட இங்க அவன்துன்னும் அங்க என்துன்னும் சொல்லக்கூடாது. உள்ளத உள்ளபடி எழுதுவோம். குடுத்தா குடுக்கட்டும்."

"குடுக்கலன்னா முன்பணத்துக்கு என்னாக்கா பண்ணுவீங்க?"

அக்கா நடையை எட்டிப் போட்டார்.

அன்று மத்தியானம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. வீடு என் பெயரில் இல்லை, தம்பி பெயரில் இருக்கிறது. அவரோடு நானும் அங்கே குடியிருக்கிறேன். ரசீதுகள் அவர் பெயரில் இருக்கின்றன, அது நான் சொல்லிச் செய்தது. கடன் என்று நான் எழுதியது பொய். என் தம்பியை யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது என்பதற்காக அப்படி எழுதினேன். மூன்று வருடத்தில் நடு வருடம் நான் வீட்டுக்கு வரவில்லை. உடன் வேலை செய்பவருக்கு அறுவைச் சிகிச்சை, அவருடைய வேலையையும் நான் பார்த்தேன்.

வராத வருடத்தை அவர் சொன்னதும் நான் எழுதுகோலை வைத்துவிட்டேன். "இது எதுக்குக்கா? மெஷின் கதவு வழியா வர்றதால கடவுச்சீட்டுல எந்த வருசத்துக்கும் முத்திரகூட இல்ல, யாருக்குத் தெரியும்? ரெண்டு டிக்கெட்ட வச்சிட்டு, வருசாவருசம் வர்றேன்னு பொதுவா போட்டுரலாம்."

"வரலதானே?"

"வரல."

"அப்ப எழுது."

ஆதாரத்துக்கு என்ன செய்வது? தம்பிக்கும் எனக்கும் தகரக்காரருக்கும் அவர் அனுப்பிய செய்திகளைத்தான் அச்செடுத்தோம். பகாவ் கடையில் ஒரு கட்டுத் தாள் ஆனது. அதில் முக்கியமானதையெல்லாம் நான் ஜெர்மனில் எழுத வேண்டும். 'எரிவாயு உருளை வெள்ளிக்கிழமை தீர்ந்துவிடும், வியாழக்கிழமையே சொல்லி வை.' 'பூனைக்கு மீன் தலை வாங்கு, மசாலா தடவாததை.' 'சாக்கடைக்காரன் வந்தானா? வராவிட்டால் அவன் மனைவியைக் கூப்பிடு.' ஓரிடத்தில் நின்றேன்.

"அண்ணன 'நாசமாப் போறவனே'ன்னு திட்டியிருக்கீங்க. இத விட்டுரலாமா?"

"ஏன் விடணும்? சும்மா வந்து போறவ அப்படி திட்டுவாளா? போடு."

நாசமாய்ப் போவதற்கு ஈடாக ஒரு ஜெர்மன் சொல்லைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

எல்லாவற்றையும் உறையில் போடும்போது தம்பி உள்ளே வந்தார். இரண்டு நாளாக அவர் அக்காவோடு பேசவில்லை. ஒரு தாள் கேட்டார். நின்றபடியே, ஆலையில் அளவு குறிக்கிற அந்தக் கொட்டை எழுத்தில், மலாயில் எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். 'என் அக்கா எனக்கு ஒரு காசும் கடன்படவில்லை. வீட்டுக்கு என் பெயர். வீட்டை நடத்துவது அவர். நான் அவர் போட்ட சோற்றைத்தான் சாப்பிடுகிறேன்.' கீழே கையெழுத்து, அடையாள அட்டை எண்.

"பேங்குல வேல செய்யிற பொண்ணுகிட்டயும் காட்டணும்னா காட்டு" என்றார் என்னிடம்.

அக்கா அதை வாங்கிப் படித்தார். "சோத்துல உப்பு இல்லன்னு தெனம் கொற சொல்லுவானே, அத எழுதலியா?" என்றார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

விடுப்பு முடிந்து அக்கா ஜெர்மனி வேலைக்குப் போயிருந்தார். கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது வரி அலுவலகத்தின் பதில் அங்கே போய்ச் சேர்ந்தது. அக்கா கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இரண்டு வருடத்தை ஏற்றுக்கொண்டார்கள். நடு வருடத்தை அடித்துவிட்டார்கள். "பாத்தீங்களா? சொல்லாம இருந்திருந்தா அதுவும் வந்திருக்கும்!" என்று நான் இங்கே குதித்தேன். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் படிச்சிருக்காங்கடி. பூன வரைக்கும் படிச்சிருக்காங்க. வந்த வருசத்துக்குக் குடுத்தாங்க, வராத வருசத்துக்குக் குடுக்கல. இதுக்கு மேல என்னா நாயம் வேணும்?"

வந்த பணம் முன்பணத்துக்குப் போதுமானதாக இருந்தது. பகாவ் வீடு தம்பி பெயரில் வந்தது.

ஜெர்மனிக்கு நான் போகவில்லை. இப்போது மம்பாவில் இருந்துகொண்டு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இரவல் முகவரி, இல்லாத அனுபவம், வராத வருடம் எல்லாம் என் மேசைக்கு வருகின்றன. "சும்மா போடுங்க மிஸ்" என்பார்கள். ஏழாம் எண் வீட்டுக் கடிதத்தை உருவியெடுத்த அந்தக் கிராணியின் முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கும். போட மாட்டேன்.

கடைசியாக அக்காவுக்குப் பாரம் நிரப்பியது பகாவின் புது வீட்டில். தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கெட்டிக்காரப் பெண், அடுப்படியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அக்கா விடுப்பில் வந்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து, இரண்டு குடித்தனம் என்ற கட்டத்தில் குறியிடப் போனேன். மனப்பாடமாகியிருந்த கட்டம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது வேணாம்."

"ஏன்க்கா? மாசாமாசம் காசு அனுப்புறீங்க. டிக்கெட் இருக்கு. இந்த வருசம் கடன்னுகூடப் போடல. எல்லாம் சுத்தமா இருக்கு!" எவ்வளவு திரும்பி வரும் என்று நான் கணக்கே போட்டு வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "அண்ணி, ரசத்துக்கு இந்தப் புளி போதுமா, வந்து பாக்குறீங்களா?"

"நீ எப்பவும் போடுறாப்ல போடும்மா" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காசு அனுப்புனா குடித்தனமாடி? இந்த வூட்டுல உப்பு எப்ப தீரும்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் கேக்கவும் கூடாது. அவ நல்லா நடத்துறா. இப்ப எனக்கு வூடுன்னா அந்த ஒத்த தட்டு ரூம்புதான்."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேட்டா நீ என்னா எழுதுவ?"

அக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனார்.

"சரி, ஒரே ஒரு வூடு உள்ளவங்களுக்கு எந்தக் கட்டம்? அதக் காட்டு."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"இல்லியா?" விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "அப்ப அடுத்த பக்கத்துக்குப் போடி."